ருதௌலியில் ஓர் அடி

முதல் அடியைச் சொல்லிவிட்டு நஃபீஸ் சாஹிப் நிறுத்தினார். "நான் விட்டுப்போன வீட்டில் இன்னும் யாரோ விளக்கேற்றுகிறார்கள்." உருதுக் கவியரங்கத்தில் அடி பிடித்துவிட்டால் கூட்டமே அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். ருதௌலியில் ஒருவரும் வாங்கவில்லை. அவரும் அடுத்த அடிக்குப் போகவில்லை. கிழவருக்கு மறந்துவிட்டது என்று எனக்கு முன்னால் இருந்தவர் முணுமுணுத்தார்.

மறதியா, அவருக்கா? பம்பாயில் அவருடைய சினிமாப் பாட்டுகளுக்கெல்லாம் தோலக் வாசித்தவன் நான். அங்கே மெட்டுதான் முதலில் பிறக்கும். சொற்களை அதற்குள் அவர் உட்காரவைப்பார். ஓர் அடி முடிந்ததும் வயலின்கள் வரும், அவை முடியும்வரை கண்மூடித் தலையாட்டுவார். ஸ்டூடியோ வாசலில் ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடித்துக்கொண்டு, ஒரு சொல்லுக்காகச் நாங்கள் சண்டை போட்ட நாட்களும் உண்டு. அந்த ஸ்டூடியோப் பழக்கத்தில், இங்கே இல்லாத வயலின்களுக்காக மனிதர் காத்து நின்றார்.

சினிமாவுக்கு எழுதுகிறவன் கவிஞனே இல்லை என்று அவரை ஒதுக்கிய ஊர் இது. வயதான பிறகுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ரயிலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்: "வசந்த் பாய், ஒரே ஒரு கஜல். பாட்டுக்காரன்னு நெனைக்காம இந்த ஊரு ஒரு தடவ கேட்டாப் போதும்."

பின்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவர், அவர் சினிமாவுக்கு எழுதிய அந்த மழைப் பாட்டையாவது பாடும்படி சத்தமாகக் கேட்டார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. சாஹிப் கண்ணைத் திறந்தார்.

"மழைப் பாட்டு உங்ககிட்டயே இருக்கு மியான், வீட்டுக்குப் போய்ப் பாடிக்குங்க. இது என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

சிரிப்பு அடங்கியது. அதே அடியை மறுபடி சொன்னார், மறுபடியும் நின்றுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று அந்த அடியை உரக்கத் திருப்பிச் சொன்னேன். என் மராட்டி நாக்கில் அவர்களுடைய உருது கைகால் ஒடிந்து விழுந்தது.

இந்த ஊர்க்காரர்கள் பசியைப் பொறுப்பார்கள், கெட்ட உச்சரிப்பை மட்டும் பொறுக்கமாட்டார்கள். முன்னால் இருந்தவர் முகத்தைச் சுளித்துத் திரும்பினார்.

"அப்படி இல்ல ஐயா," என்றவர், அடியை நிறுத்தி அழகாகச் சொல்லிக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர், அதைவிடச் சரியாக இழுத்துச் சொன்னார். வெற்றிலைக்காரர் எச்சிலைத் துப்பிவிட்டுத் தன் பங்குக்குச் சொன்னார். வரிசை வரிசையாக அந்த அடி பின்னால் போனது. எங்கே என்னைத் திருத்துவது நின்று, எங்கே அவர்கள் ரசிக்கத் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சாஹிப் அடுத்த அடிக்கு வாயெடுத்தார். கூட்டம் விடவில்லை, முதலடியையே இன்னொரு முறை கேட்டது. மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதே அடியை மூன்றாம் முறையாகச் சொன்னார், கூட்டம் வாங்கிக்கொண்டது.