டாக்டர் சொன்ன மீதிப் பாதி

கணக்கு வாத்தியாரின் இடது கன்னம் முடிந்து வலது கன்னத்துக்குக் கத்தி திரும்பியபோது, சலூன்காரரின் கால் மறுபடியும் அரிக்க ஆரம்பித்தது. இரண்டு கையும் வேலையாக இருக்கிறவர் எதைக் கொண்டு சொறிவார்? அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். வலது கால் செருப்பின் விளிம்பை இடது கணுக்காலில் வைத்துத் தேய்ப்பார். மேலே கத்தி நிதானமாக இறங்கும், கீழே செருப்பு பரபரவென்று ஏறி இறங்கும். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நிலையாக நிற்பது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இந்தக் கால், அந்தக் கால் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். மத்தியானம் தாண்டிவிட்டால் இரண்டு காலிலும் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனக்கும். சாயங்காலம் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்துவிடும். கெண்டைக்காலில் நரம்பு நீலமாக முறுக்கிக்கொண்டு புடைத்திருந்ததை பேண்ட் மறைத்துவிட்டது, அதனால் வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது. வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வாய் விஷயத்தில் மட்டும் சலூன்காரருக்கு எந்த வலியும் கிடையாது. சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம், மூட்டு வலிக்கு எதைத் தடவலாம், எந்த மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் பாதி கிராப்போடு எழுந்து ஓடவா முடியும்? கேட்டுத்தான் ஆக வேண்டும். தெருவில் அவருக்கு 'அரை டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். மனுஷர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

சொந்தக் காலைப் பற்றியும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. நரம்பில் கை வைத்தால் கால் விழுந்துவிடும், அவ்வளவுதான். அந்தப் பதில் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவியின் தொல்லை தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். புடைத்திருப்பது நரம்பு, நரம்புக்கு நரம்பு டாக்டர், இதில் யாரைக் கேட்க வேண்டும்? தானாகவே டோக்கன் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் காத்திருந்தார். நரம்பு டாக்டர் குனிந்து காலைப் பார்த்தார். "இதுல நான் கை வைக்க முடியாதுங்க" என்றார். அதோடு நிறுத்தவில்லை, இது வேறு பிரிவு, மேல் மாடிக்குப் போங்கள், அங்கே பார்ப்பார்கள் என்றும் சொன்னார். நாலு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு மாடியேறச் சொல்கிறாரே என்று சலூன்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் கடையில் அந்தக் கதை வேறு மாதிரி வெளியே வந்தது. பெரிய நரம்பு டாக்டரே கை வைக்க முடியாது என்று கையை விரித்துவிட்டாராம். மேல் மாடி அந்தப் பேச்சில் வரவே இல்லை. சொல்லச் சொல்ல அவருக்கே அது மறந்துபோயிற்று.

அதை அக்கறையாகக் கேட்டவர் ஒருத்தர் இருந்தார். மாணவர் விடுதியில் அடுப்படியில் நிற்கிற சமையல் மாஸ்டர், சலூன்காரருக்கு இருபது வருஷப் பழக்கம். அவருக்கும் அதே கால், அதே நீல முறுக்கு. ஆனால் அவர் சரியான டாக்டரைப் பார்த்து, லேசர் சிகிச்சைக்குத் தேதியும் வாங்கியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று முதல் நாள் முடி வெட்டிக்கொள்ள வந்தார். முடியோடு சேர்த்து சலூன்காரர் அந்தத் தேதியையும் வெட்டிவிட்டார். மாஸ்டர் போகவில்லை. அப்புறம் கடைக்கு வருவதும் குறைந்து, ஒரு வருஷமாக ஆளையே காணோம். வேறு சலூனுக்கு மாறிவிட்டார் என்று சலூன்காரர் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது வாத்தியாரின் வலது கன்னத்துக்கு வருவோம். செருப்பு தேய்த்த இடத்தில் ஏதோ ஈரமாக இருந்தது. தண்ணீர் சிந்தியிருக்கும் என்று சலூன்காரர் கண்டுகொள்ளவில்லை. கொஞ்சம்கூட வலி இல்லையே, ரத்தம் என்று எப்படித் தோன்றும்? வாத்தியார்தான் தற்செயலாகக் கீழே பார்த்தார். தரையில் சிவப்பாக ஒரு குட்டையே நின்றது. மனுஷர் நுரையோடு துள்ளி எழுந்து இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அறுத்துட்டீங்களா?" என்றார், குரல் வெளியே வராமல்.

இரண்டு பேருமாகக் கண்ணாடியில் அவர் கழுத்தைத் தேடிப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் சலூன்காரர் தன் செருப்பைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே இருந்து ரத்தம் ஊசி வைத்து அடிப்பது போலப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் தலை சுற்றியது.

வாத்தியார் போட்ட சத்தத்தில் பக்கத்து மருந்துக்கடை அக்கா ஓடி வந்தாள். நாற்காலியில் சாயப் போன சலூன்காரரைப் பிடித்து நிறுத்தினாள். "உக்காராதீங்க, தரையில படுங்க. காலை மேல தூக்குங்க" என்றாள். வாத்தியார் தன் பெல்ட்டைக் கழற்றி முழங்காலுக்கு மேல் இறுக்கப் போனார். அதெல்லாம் வேண்டாம், ரத்தம் வருகிற இடத்திலேயே அழுத்திப் பிடித்தால் போதும் என்று அவரை அதட்டினாள். துவைத்த துண்டை மடித்து வைத்து, கையை எடுக்காமல் கால் மணி நேரம் அழுத்தினாள். ரத்தம் நின்றது. ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் மழிக்காமலும் வாத்தியாரே வண்டி பிடித்து அதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மனைவி தையல் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தாள்.

இந்தத் தடவை மேல் மாடிக்குத்தான் கொண்டுபோனார்கள். காயத்துக்குக் கட்டுப் போட்ட பிறகு, ரத்தக் குழாய் டாக்டர் அவரை நிற்க வைத்து, காலில் பசை மாதிரி எதையோ தடவி ஸ்கேன் பார்த்தார். சின்ன வயசுப் பெண். சலூன்காரருக்கு நிலைகொள்ளவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தார், திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கடைசியில் கேட்டே விட்டார். "டாக்டரம்மா, நரம்புல கை வச்சா கால் வராமப் போயிடாதா?"

"இது நரம்பே இல்லைங்க ஐயா" என்றார் அவர். "நாம பேச்சுல நரம்பு நரம்புன்னு சொல்றோம். இது ரத்தக் குழாய். காலை அசைக்கிற நரம்பு வேற."

அப்புறம் பொறுமையாக விளக்கினார். காலில் இருக்கிற ரத்தம் மேலே ஏறிப் போக வேண்டும். அது திரும்ப இறங்காமல் இருக்கக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. அந்தக் கதவு பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கிக் குழாய் புடைத்துக்கொள்ளும். மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கிற தொழிலில் தொந்தரவு கூடும். முன்னெல்லாம் கீறிக் குழாயை உருவி எடுப்பார்கள். இப்போது ஊசி நுழைகிற அளவு துவாரம் போதும். காலை மட்டும் மரத்துப்போக வைத்து, குழாய்க்குள் மெல்லிய கம்பி மாதிரி ஒன்றைச் செலுத்தி, லேசர் சூட்டிலோ மின் அலைச் சூட்டிலோ மூடிவிடுவார்கள். சிலருக்குப் பசை வைத்து ஒட்டுவதும் உண்டு, சின்னக் குழாய்களுக்கு மருந்து நுரையை ஊசியில் ஏற்றுவதும் உண்டு. யாருக்கு எது என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். மூடின குழாயின் ரத்தம் நல்ல குழாய்களில் போய்விடும். பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம்.

ஒன்றுமே ஆகாது என்றும் அவர் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கன்றிப்போகலாம், சில இடத்தில் மரத்தது போல இருக்கலாம், அபூர்வமாக ரத்தம் உறைவதும் உண்டு, அதனால் சொல்கிற நாளில் வந்து காட்ட வேண்டும் என்றார்.

"இதை அப்படியே விட்டா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"சில பேருக்கு அப்படியே இருக்கும். சில பேருக்குத் தோல் கருத்து, கணுக்கால்கிட்ட புண்ணு வரும். சீக்கிரம் ஆறாது."

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மாஸ்டருக்கு வந்திருக்கே, அந்த மாதிரியா?" என்றாள். மாஸ்டருக்குப் புண் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறதாம், விடுதி வேலையும் போய்விட்டதாம். மாஸ்டர் வீட்டம்மா துணி தைக்க வந்தபோது சொல்லியிருக்கிறாள், உன் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம், சங்கடப்படுவார் என்றும் சொல்லியிருக்கிறாள். மூன்று வருஷமாக மறந்துபோயிருந்த மேல் மாடி அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வந்தது, அவர் நின்றுகொண்டிருந்ததே அந்த மாடியில்தான்.

அடுத்த வாரம் அவருக்கு லேசர் வைத்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஊசி குத்தினது வலித்தது, அப்புறம் காலுக்குள் ஏதோ சுடச்சுட நகர்கிற மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான். இறுக்கமான நீளக் காலுறை ஒன்றை மாட்டிவிட்டார்கள். படுத்தே கிடக்கக் கூடாது, தினமும் நடக்க வேண்டும், கடையில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வெட்டப் பழகுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். கால் பிழைத்துவிட்டது. ஆனால் அவர் மனசு ஒரு இடத்தில் தங்கவில்லை. சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலையில் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர், நாலு தெரு தாண்டி மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

மாஸ்டர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்துப் போய், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மருமகள் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். முடி காதை மறைத்து வளர்ந்திருந்தது, வேறு எந்தச் சலூனுக்கும் அவர் போயிருக்கவில்லை.

"என்னய்யா, நடந்தே வந்துட்டியா?" என்றார் மாஸ்டர். "லேசர் வச்சாங்கன்னு கேள்விப்பட்டேன்."

சலூன்காரர் உட்காரவில்லை. "மாஸ்டர், அன்னைக்கு அந்த டாக்டர் சொன்னதுல பாதியைத்தான் உங்ககிட்ட சொன்னேன்" என்றார். "தன்னால முடியாதுன்னாரு, நிஜம்தான். மேல் மாடிக்குப் போ, அங்க பார்ப்பாங்கன்னும் சொன்னாரு. அதை நான் சொல்லலை."

மருமகள் கட்டுத் துணியைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டர் தன் காலைத் தொட்டுக் காட்டினார்.

"அந்த மீதிப் பாதிதான்யா இந்தக் காலு" என்றார்.

கத்தினாலாவது பரவாயில்லை. அவர் சாதாரணமாகத்தான் பேசினார். "எனக்குத் தேதி குடுத்த டாக்டர் பத்து வருஷம் படிச்சவரு. அவரை விட்டுட்டு உன்னை நம்பினேன். ஏன் தெரியுமா? இருபது வருஷமா உன் கத்திக்குக் கழுத்தைக் குடுத்தவன் நான். அதே நம்பிக்கையில உன் வாய்க்குக் காலையும் குடுத்துட்டேன். நீ கெட்டது நினைச்சுச் சொல்லலை, எனக்குத் தெரியும். ஆனா தெரியாத வைத்தியத்தை நல்ல மனசோட சொன்னாலும் கெடுதல் கெடுதல்தான்யா. எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்நேரம் நான் அடுப்பு முன்னாடி நின்னுட்டிருப்பேன்."

சலூன்காரர் அழுதார். மறைக்கவும் இல்லை. மாஸ்டரும் ஆறுதல் சொல்லவில்லை. மருமகள் கட்டை முடித்துவிட்டு உள்ளே போனாள்.

மாஸ்டர் காலை மெல்ல இறக்கித் தரையில் ஊன்றினார். "இவ்வளவு முத்தின பிறகு எனக்கு லேசர் வைப்பாங்களா? இந்தப் புண்ணு ஆறுமா?" என்று கேட்டார்.

ஆறும் மாஸ்டர், கவலையை விடுங்க என்று சொல்ல சலூன்காரரின் நாக்கு துடித்தது. பழக்க தோஷம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது மாஸ்டர்" என்றார். "கிளம்புங்க, கேட்போம்."