கால்மாட்டுச் சூடு

தவராசா ஒவ்வொரு நாளும் பின்னேரம் குசினி அடுப்புச் சாம்பலைச் சுளகில் அள்ளிவந்து கார்க் கொட்டிலுக்குள் பரவுவார். காருக்கு அடியிலும் பரவுவார், ஒரு முழ அகலத்துக்குச் சுற்றிவரவும் பரவுவார். அடியில் பரவுவது தண்ணீருக்கு, சுற்றிப் பரவுவது ஆளுக்கு. துளி விழுந்தால் சாம்பல் குழியும், கால் பட்டால் தடம் விழும். விடிந்ததும் முதல் வேலையாகப் போய்க் குனிந்து பார்ப்பார். அன்றைக்கும் பார்த்தார். அடியில் போட்ட சாம்பல் போட்டபடி கிடந்தது. சுற்றிவரக் கோழிக்கால் தடம் நாலைந்து, வேறொன்றுமில்லை. ஆனால் ரேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டால் விரல் நனையவில்லை. நேற்று விடியக் கழுத்துமட்டும் நிரப்பின தண்ணீர்! காரின் கண்ணாடிகளோ உட்பக்கம் முழுக்க வியர்த்துக் கிடந்தன.

"ஆரோ உள்ளுக்கை படுத்து மூச்சு விட்டிருக்கினம்," என்றார்.

"சாம்பலிலை கால் படாமலோ?" குசினி வாசலில் நின்று நாகேஸ்வரி கேட்டாள்.

"தாண்டிக் குதிச்சு ஏறியிருப்பான். மலை ஏறிப் பழகின கால்தானே."

மலை ஏறிப் பழகின கால் யாருடையது என்று நாகேஸ்வரி கேட்கவில்லை. கேட்டு என்ன காண? கடையில் வாங்கின சீனியை வீட்டில் வந்து திரும்ப நிறுக்கிற மனிதரோடு இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்தினவள் அவள். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கண்டாவளைக்கு வந்த காலம் தொட்டு, வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் மேல்வயல்காரன் களவு, நெல்லுக் குறைந்தால் மில்காரன் களவு, முட்டை குறைந்தால் பாம்பின் களவு. வானம் பெய்யாமல் விட்டதற்குத்தான் இன்னும் ஆளைப் பிடிக்கவில்லை.

காரை ஓட்டுகிற பழனியாண்டி மலைநாட்டான். தேயிலைத் தோட்டத்தில் துரையின் காரை ஓட்டினவன், எழுபத்தேழுக் கலவரத்தில் உடுத்த துணியோடு பெண்சாதி வீரம்மாவையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவன். தவராசா தன் வளவின் மூலையில் ஒரு குடிசை போட இடம் கொடுத்தார். தனக்குக் கார் ஓட்டத் தெரியாததால் கார்ச் சாவியையும் கொடுத்தார். இடத்தையும் திறப்பையும் கொடுத்தாரே தவிர நம்பிக்கையைக் கொடுத்தாரா என்றால், அதைத்தான் அவர் ஒருத்தருக்கும் கொடுத்ததில்லையே. நாலு வருசமாகப் பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் அந்தப் பழைய பச்சைக் காரில் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிறான் பழனியாண்டி. ஒருநாளும் குறை வந்ததில்லை. குறை வராததே தவராசாவுக்கு ஒரு குறையாக இருந்தது.

தண்ணீர் குறையத் தொடங்கி இரண்டு கிழமை. அதாவது அவர் நடுக்கியெடுக்கிற குலைப்பன் காய்ச்சலில் விழுந்து எழும்பின நாள் தொட்டு. "நான் படுக்கையிலை கிடந்த நேரம் பாத்து என்னவோ செய்து போட்டான்," என்பதுதான் அவருடைய கணக்கு. காரைக் கெடுத்து அடிமாட்டு விலைக்குத் தள்ள வைத்து, தானே ஆள் வைத்து வாங்கப் பார்க்கிறான். அல்லது களவாய் எங்கேயோ ஓடுகிறான். இரண்டும் ஒன்றாக இருக்க ஏலாதே என்று நாகேஸ்வரி சொன்னால், "உனக்கு விளங்காது" என்று முடித்துவிடுவார்.

அந்தக் காய்ச்சலைப் பற்றி அவரிடம் இன்னொரு கதையும் இருந்தது. ஊரில் அதைக் கேளாத காது இல்லை. மார்கழி மழை கொட்டின அந்தக் காலையில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட, பல்லோடு பல்லு அடிக்க, அவரைக் காரின் முன் இருக்கையில் சாய்த்து, நாகேஸ்வரி பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொள்ள, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "எனக்கு நினைவு தப்பிப் போச்சு. கால் ரெண்டும் செத்துப் போச்சு. அப்ப நாகதம்பிரான் வந்து என்ரை கால்மாட்டிலை சுருண்டு கிடந்து மூச்சு விட்டவர். உஸ் எண்டு சத்தம் இந்தக் காதாலை கேட்டனான். என்ன சூடு! அந்தச் சூடுதான் என்ரை உயிரைப் பிடிச்சு வைச்சது." ஹயருக்கு ஏறுகிற ஆட்களிடமெல்லாம் இதைச் சொல்லுவார். பழனியாண்டி றோட்டைப் பார்த்தபடி ஓட்டுவான். பாம்புத் தெய்வமான நாகதம்பிரானுக்குப் பொங்கலும் நேர்ந்தாயிற்று.

அதனால்தான் சத்தியம் வாங்கவும் அந்தத் தெய்வத்தின் கோயிலையே தெரிந்தெடுத்தார். திங்கட்கிழமை பழனியாண்டியைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை நாகதம்பிரான் கோயிலுக்கு வா. காரிலை நான் கை வைக்கேல்லை எண்டு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணினால் இரு. பண்ணாட்டி வளவை விட்டுப் போ."

எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணுவது அந்தப் பக்கத்தில் விளையாட்டில்லை. பொய்ச்சத்தியம் பண்ணினவனைப் பாம்பு தேடி வரும் என்பார்கள். பழனியாண்டியின் முகம் ஒருமுறை இறுகி அவிழ்ந்தது.

"பண்ணுறேங்கய்யா. அதுக்கு முன்னாடி காரை ஒருக்கா மெக்கானிக்குக்கிட்டக் காட்டிருவோம்."

அதுவும் ஒரு தந்திரமோ என்று தவராசாவுக்குத் தோன்றியது. மெக்கானிக்கோடு கூட்டுச் சேர்ந்திருந்தால்? சரி, தானும் கூடவே போவது என்று தீர்மானித்தார். கற்பூரத்தை முன்கூட்டியே வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பரந்தன் சந்திக்குக் கிட்ட முத்துலிங்கத்தின் கராச்சுக்குக் காரைக் கொண்டுபோனார்கள். முத்துலிங்கம் அவசரப்படாத ஆள். முதலில் எஞ்சினில் எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தான்.

"எண்ணெய்க்குள்ளை தண்ணி போகேல்லை அண்ணை. போனால் பால்தேத்தண்ணி மாதிரி வந்திருக்கும்."

புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. தண்ணிப் பம்பைத் தடவினான், காய்ந்திருந்தது. குழாய்களைப் பிதுக்கிப் பார்த்தான், நல்லாகவே இருந்தன. பழனியாண்டி அவன் கேட்க முன்னமே குறடு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பார்த்தியா, என்ன ஒற்றுமை என்று தவராசா மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

பிறகு முத்துலிங்கம், சைக்கிள் வால்வு பூட்டின ரப்பர்த் துண்டு ஒன்றால் ரேடியேற்றரின் வாயை மூடிக் கம்பியால் இறுக்கினான். சைக்கிள் பம்பைக் கொளுவிக் காற்றடிக்கத் தொடங்கினான். பதினைந்து, இருபது அடி.

"இனி ஒருத்தரும் கதைக்காதேங்கோ. காத்து எதாலை போகுதோ அதாலைதான் தண்ணியும் போகுது."

மூன்று பேரும் மூச்சை அடக்கி நின்றார்கள். வெளியே மழைத் தூறல் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. முத்துலிங்கம் எஞ்சின்மேல் காதை வைத்தான், கீழே படுத்துக் கேட்டான். பிறகு தலையைத் தூக்கி ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, காரின் முன்கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். மெல்லிய ஒரு சீறல். தவராசாவுக்கும் கேட்டது. எங்கேயோ கேட்ட சத்தம்போல இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை.

முன் இருக்கைக்குக் கீழே ரப்பர் விரிப்பைத் தூக்கினான். அடியில் போட்டிருந்த சாக்குகள் ஊறிப் பொம்மென்று கிடந்தன.

"அது மழைத்தண்ணி," என்றார் தவராசா.

முத்துலிங்கம் சாக்கைப் பிழிந்து காட்டினான். துருப்பிடித்த செம்மண் நிறத்தில் ஒழுகியது. "மழை சிவப்பாப் பெய்யுமே அண்ணை? இது ரேடியேற்றர்த் தண்ணி. நிண்டால் சாக்குக் குடிக்குது, ஓடினால் அடித்தட்டிலை இருக்கிற ஓட்டையாலை றோட்டிலை போகுது. கண்ணாடி வேர்க்கிறதும் இந்த ஆவியாலைதான்."

பிறகு அந்த இருக்கைக்கு முன்னால், கால் வைக்கிற இடத்துக்கு மேலே இருந்த கறுப்புப் பெட்டியைத் தட்டினான். இவ்வளவு காலமும் தவராசா அதை றேடியோப் பெட்டி என்றே நினைத்திருந்தார்.

"இது ஹீற்றர். குளிர்நாட்டுக்காரர் காலைச் சூடாக்கிற சாமான். எஞ்சின் சுடுதண்ணி இதுக்குள்ளாலை போய்வரும், விசிறி ஒண்டு சூட்டை ஊதும். எங்கடை வெயிலுக்கு இது ஆருக்கு வேணும்? பாவிக்காமல் உள்ளுக்கை உக்கிப் போச்சு. எஞ்சினுக்குப் பின்னாலை ஒரு பித்தளைத் திருகு இருக்கு, அது பூட்டிக் கிடந்தால் தண்ணி இஞ்சாலை வராது. இப்ப திறந்து கிடக்கு. ஆர் திறந்தது?"

"அப்பிடிக் கேளும்!" தவராசா துள்ளினார். இரண்டு கிழமைச் சந்தேகம் அவருடைய தொண்டையில் வெடித்தது. "நான் சொன்னனா இல்லையா? ஆரோ கை வைச்சிருக்கிறான் எண்டு சொன்னனா இல்லையா? கேளும் அவனை!"

பழனியாண்டி தலையைச் சொறிந்தபடி அந்தப் பித்தளைத் திருகையே பார்த்தான்.

"நாந்தாங்க தொறந்தேன்."

"ஏன் திறந்தனி? சொல்லு, இவருக்கு முன்னாலை சொல்லு!"

"அன்னிக்கி ஐயாவுக்கு நடுக்கம் நிக்கலீங்க. காலத் தொட்டுப் பாத்தேன், ஐஸா இருந்துச்சு. அம்மா பின்னால அழுதுக்கிட்டு இருந்தாங்க. வண்டிய மழையில நிப்பாட்டிட்டு எறங்கித் தொறந்துவிட்டு, விசிறியப் போட்டேன். எங்க தொரை காருல குளிருக்கு அப்புடித்தாங்க செய்வோம். ஆசுப்பத்திரி அவசரத்துல விசிறிய நிப்பாட்டுனேன், திருக மூட மறந்திருக்கேன். மூடிட்டேன்னுதான் இத்தன நாளும் நெனச்சேன்."

தவராசாவுக்கு உறைத்தது. உஸ் என்ற அந்தச் சத்தம். கால்மாட்டில் சுருண்டு கிடந்த அந்தச் சூடு. வெட்கம் உள்ளங்காலிலிருந்து கிளம்பி உச்சிவரைக்கும் போயிற்று.

"நான்... அதை நாகதம்பிரான் எண்டெல்லோ..." என்றார், யாருக்கென்று இல்லாமல்.

"சாமியாவும் இருக்கலாமுங்க. ஐயா அவ்வளவு சந்தோசமாச் சொன்னீங்க, நான் நடுவுல என்னத்தச் சொல்றது?"

முத்துலிங்கம் பித்தளைத் திருகைப் பூட்டினான். ஹீற்றருக்குப் போன இரண்டு குழாயையும் கழற்றிவிட்டு, ஒரே குழாயை வளைத்து எஞ்சினோடு எஞ்சினாகப் பூட்டி இறுக்கினான். அரை மணித்தியால வேலை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் தண்ணீர்ச் சூட்டைக் காட்டுகிற முள்ளு நடுவில் நின்றது, அசையவில்லை. தவராசா வழிநெடுக அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிய, சாம்பல் பரவாத கொட்டிலுக்கு அவர் போனபோது பழனியாண்டி குளித்துத் திருநீறு பூசி நின்றான். ரேடியேற்றர் மூடியைத் திறந்து காட்டினான். கழுத்துமட்டும் தண்ணீர். மூடியை இறுக்கிவிட்டு, கார்த் திறப்பை எடுத்து, எஞ்சின் மூடியான பொனற்றின்மேல் வைத்தான். குடிசை வாசலில் வீரம்மா ஒரு தகரப் பெட்டியோடும் பாய்ச் சுருளோடும் நின்றாள்.

"இது என்ன?"

"சத்தியம் பண்ணுனா இரு, இல்லாட்டிப் போன்னு சொன்னீங்க. காருல கை வைக்கலேன்னு நான் எப்புடிங்கய்யா சூடம் அணைக்கிறது? வச்சிருக்கேனே."

சொல்வதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் தவராசா பிழைத்திருப்பார், பதிலுக்குச் சத்தமாவது போட்டிருப்பார். அவன் உள்ளபடியே சொன்னான். அந்தச் சத்தியத்தை அவரைவிட அவன்தான் பெரிதாக எடுத்திருந்தான்.

நாகேஸ்வரி பின்னால் வந்து நின்று, "இஞ்சாருங்கோ, வாயைத் திறந்து ஏதும் சொல்லுங்கோவன்," என்றாள்.

தவராசாவின் சட்டைப் பைக்குள் கற்பூரம் மணத்தது. அதைத் தொட்டார், எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காரின் முன்கதவைத் திறந்து ஏறி, அன்றைக்கு இருந்த அதே இருக்கையில் இருந்தார். சாக்கு எடுத்த வெறுந்தட்டில் இரண்டு காலையும் நீட்டி, அந்தக் கறுப்புப் பெட்டிக்கு நேரே வைத்துக்கொண்டார்.

"பழனியாண்டி," என்றார். "காலெல்லாம் விறைக்குதடா."

பழனியாண்டி அந்தக் காலைப் பார்த்தான், பிறகு பொனற்றின்மேல் கிடந்த திறப்பைப் பார்த்தான். கொட்டிலின் கிடுகுக் கூரையிலிருந்து ஒரு மழைத்துளி திறப்பின்மேல் விழுந்து தெறித்தது, பிறகு இன்னொன்று.