பதின்மூன்று தப்பான விடைகள்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. சோமனூரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், ஞாயிறுதோறும் நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் பிறந்தது. அங்கே எனக்கென்ன வேலை என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விசைத்தறிகளின் ஓசை ஊருக்கே தாலாட்டாக ஒலித்த அந்தக் காலை வேளையில்...'

வேண்டாம். அந்தச் சத்தத்தில் எந்தக் குழந்தை தூங்கும்?

2

ரிஃபத் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற டீச்சர். வயது இருபத்து மூன்று. இதற்கு முன் வேலை பார்த்த இரண்டு இடங்களிலும் ஒரு மாதம் தாண்டவில்லை. இங்கேயும் ஒரு மாதம் சோதனைதான். கடைசி வகுப்பில், இதை நடத்தும் உரிமையாளர் மோகன்குமார் வந்து உட்காருவார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம்.

முதல் நாள் பாடம், ஆளைக் குழப்பும் இரட்டைச் சொற்கள். 'பிரிங்' என்றால் இங்கே கொண்டுவருவது. 'டேக்' என்றால் இங்கிருந்து கொண்டுபோவது. பதற்றத்தில் ரிஃபத் இரண்டையும் இடம் மாற்றிப் பலகையில் எழுதிவிட்டாள். பன்னிரண்டு மாணவர்களும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மும்பை வியாபாரிகளோடு பத்து வருஷமாகப் போனில் அரைகுறை ஆங்கிலத்தில் மல்லுக்கட்டும் தறிக்காரர் அரங்கசாமி, டீக்கடையில் விஷயத்தை உடைத்தார்.

"மிஸ்ஸு மாத்தி எழுதிப்போட்டாங்க. ஆனா புள்ளைக்கு மொத நாளுங்க. இப்பப் போயிச் சொன்னா மூஞ்சி சுண்டிப்போயிரும்."

"அப்பறம் எப்பத்தானுங்க சொல்றது?" என்றாள் கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கும் லோகப்பிரியா.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம் அம்மணி."

அடுத்த வாரம் சொன்னால், போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று ஆகிவிடும். அதுவும் மரியாதையில்லை.*

(* எங்கள் பக்கத்தில் ஒருவரைத் திருத்துவதற்கு முன் நலம் விசாரித்து, டீ சொல்லி, மழையைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குள் அவர் பஸ் வந்துவிடும்.)

3

நான்காம் ஞாயிறு. மோகன்குமார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க அரங்கசாமி, துணி சாம்பிளை உங்ககிட்டக் கொண்டாரச் சொல்லோணும். டிரைவருக்கு இங்கிலீஷ்தான் தெரியும். என்னன்னு சொல்லுவீங்க?"

அரங்கசாமி எழுந்தார். ரிஃபத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"டேக் இட் டு மீ."

லோகப்பிரியாவும் அதையே சொன்னாள். பெஞ்சு பெஞ்சாகப் பன்னிரண்டு பேரும் அதையே சொல்லி, மிஸ்ஸைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் தப்பாகச் சொன்னால் அவர் மக்கு. வகுப்பே ஒரே தப்பைச் சொன்னால் பழி யார் தலையில் விழும் என்பதை அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை.

"யாருங்க இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

(இந்த இடத்தில் லோகப்பிரியாவை உண்மை பேச வைத்துப் பார்த்தேன். பாதி வரியிலேயே என்னை முறைத்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

அரங்கசாமி மறுபடி எழுந்தார். "மிஸ்ஸு சரியாத்தானுங்க சொன்னாங்க. எங்க மண்டைலதான் ஏறலீங்க."

"அத்தன பேரு மண்டைலயுமா?"

"ஊருத் தண்ணி அப்படீங்க."

ரிஃபத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அரங்கசாமியின் நோட்டை வாங்கிப் புரட்டினாள். முதல் நாள் பக்கத்தில், அவள் பலகையில் எழுதியது பேனாவில், எழுத்து பிசகாமல் இருந்தது. அதன் கீழே பென்சிலில், பொடியாக, சரியான விடை. லோகப்பிரியாவின் நோட்டிலும் அதே போல.

4

ஒரு திருத்தம். பன்னிரண்டு பேர் இல்லை, பதின்மூன்று. மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் இருந்தவன் நான். வெளியூர்க் கூட்டங்களில் யாராவது ஆங்கிலத்தில் பேசினால் சிரித்தே சமாளிக்கிறவன். அதற்காகத்தான் சேர்ந்தேன். நானும் எழுந்து 'டேக்' என்றேன்.

முடிவு ஒன்று: ரிஃபத் வாய் திறக்கவில்லை. வேலை நிரந்தரம். பதின்மூன்று மக்குகளுக்கும் பரம சந்தோஷம்.

முடிவு இரண்டு: "நான்தானுங்க சார்..." என்று அவள் ஆரம்பிக்க, மோகன்குமார்...

இல்லை, இதற்கு மேல் எழுத வரவில்லை. நடந்தது எனக்குத் தெரியும், அங்கேதானே இருந்தேன். ரிஃபத் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அரங்கசாமி வேண்டாம் என்று தலையாட்டியதைப் பார்த்தாள். பார்த்தும், சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள்.

அதன் பிறகு மோகன்குமார் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தப்பாக எழுதினாலும் மூச்சு விடமாட்டேன். கீழே பென்சிலில் குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.