புகையான் வந்த வருஷம்

இடது கன்னத்தை மழித்து முடித்து, வலது கன்னத்தில் மகள் சோப்பு நுரையைத் தடவியபோது அப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். ரேசரை வைத்துவிட்டுப் பேனா எடுக்கச் சொன்னார்.

பதினோரு மணிக்கு வேளாண்மைத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. துறை தொடங்கி நூறு வருஷம் ஆகிறது, நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். பழைய ஊழியர்களிடம் ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். அப்பா முப்பத்து நாலு வருஷம், முதலில் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் வயல் வயலாகச் சுற்றிய களப்பணியாளர். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இந்த நிலைமையில் அதிகாரியெல்லாம் எதற்கு என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். துறை ஆள் வரும்போது தாடியோடு கிடக்க முடியாது என்பதுதான் அவருடைய பதில்.

வழக்கமான கதையைத்தான் சொல்வார் என்று மகள் நினைத்தாள். பரிசோதனைக்கு எடுத்த மண்ணைச் சாப்பாட்டு டப்பாவில் கொண்டுவந்து வைக்க, அம்மா கழுவி ஊற்றிவிட்ட கதை. துறையில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. ஆனால் அவர் புகையானில் ஆரம்பித்தார்.

புகையான் நெல்லின் அடித்தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. கடுகளவுதான் இருக்கும். பெருகிவிட்டால் பச்சை வயல் நடுவே தீ வைத்ததுபோல் வட்டம் வட்டமாகக் கருகும். அவர் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருஷம் அது வந்தது. மூன்று முறை மருந்து அடிக்க வேண்டும் என்று துறை உத்தரவு போட்டது.

"வீடு வீடா போய்ச் சொன்னது நான்தான். எழுது. என் பேச்சக் கேட்டவங்க வயல்தான் மொதல்ல கருகுச்சு."

ஒரே ஒரு பெண் மட்டும் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருந்தாள். அவள் வயல் பச்சையாகவே நின்றது. சேற்றில் முழங்காலிட்டுத் தூரை விலக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே முழுக்கச் சிலந்திகள், புகையானைத் தின்றுகொண்டிருந்தன. மற்ற வயல்களில் மருந்து சிலந்திகளைக் கொன்றுவிட்டிருந்தது. தண்டுக்குள் இருந்த புகையான் முட்டைகளை அது தொடவில்லை. அவை பொரித்து வந்தபோது தின்ன ஆளில்லை.

மேலதிகாரியிடம் சொன்னார். ஜில்லா முழுக்க மருந்து கொடுத்த பிறகு இதை எந்த முகத்தோடு எழுதுவது என்று அவர் கேட்டாராம். சிபாரிசு செய்த அளவில் விவசாயிகள் மருந்து அடிக்காததே காரணம் என்று அறிக்கை தயாரானது. அப்பா கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் ஒருவர் காலி மருந்து பாட்டில்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினார்.

"'எதுல கொற வெச்சேன் சார்?'னு கேட்டாரு. நான் ஃபைலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மகள் எழுதுவதை நிறுத்தினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். பல வருஷம் கழித்துத் துறையே பேச்சை மாற்றியது, அந்தப் பழைய அறிக்கையை மட்டும் யாரும் திருத்தவில்லை. மருந்தை எடுக்குமுன் சிலந்தியை எண்ணிப் பாருங்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவரையே அனுப்பியது. பன்னிரண்டு வருஷம் அதைச் செய்தார். வேலை பார்த்தது என்றால் அதுதான் என்றார். பாட்டில்காரர் அதற்குள் நிலத்தை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார்.

"அவரு அளவுல கொற வெக்கல. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்ப்பா."

படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். படித்து முடித்துக் கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினாள். அவர் கை எழும்பவில்லை. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனபின், வலது கன்னத்தில் காய்ந்திருந்த நுரையை ஈரத் துணியால் நனைத்து, மீதியை மழித்துவிட்டாள்.  

அண்ணன் ஜன்னலோரம் நின்று அந்தத் தாள்களைப் படித்தான். பிறகு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இது போக வேணாம். செத்த மனுஷன் மேல நாமளே சேத்த வாரி எறைக்கக் கூடாது."

"அவருதான்ணா சொன்னாரு."

"கையெழுத்து இல்லயே. நீயா எழுதுனதுன்னு சொல்லிட்டுப் போவாங்க."

 அவள் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, வருகிறவர்களுக்கு நாற்காலி போடப் போனான். கடைசித் தாளின் அடியில், அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது என்று எழுதி அவள் கையெழுத்திட்டாள்.

சொன்னபடி பதினோரு மணிக்கு அதிகாரி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த ரெக்கார்டரைப் பைக்குள் போட்டாள். தெரியாமல் வந்துவிட்டதாகவும் மலருக்கு இப்போது ஒன்றும் அவசரமில்லை என்றும் தடுமாறினாள். மகள் தாள்களைக் கொடுத்தாள்.

அதிகாரி நின்றபடியே படித்தாள். இரண்டாம் தாளில் நின்றுவிட்டு மறுபடி முதல் தாளுக்குப் போனாள்.

"இதுல சொல்ற அந்த அறிக்கைய எங்களுக்குப் பயிற்சியில பாடமா வெச்சிருந்தாங்க," என்றாள். "விவசாயிங்க தப்புன்னுதான் பரீட்சையில எழுதினேன். முழு மார்க்கு போட்டாங்க."

 உள்ளேயிருந்து யாரோ மகளைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி தாள்களைக் கோப்புக்குள் வைத்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, அப்பாவைப் பார்க்க உள்ளே போவதற்காகக் காலணியின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. நேரம் எடுத்துக்கொண்டாள்.