மூவரில் இருவர்

அத்தை போனில் சொன்னவை இதே வார்த்தைகள்தானா என்று இன்று எனக்கு உறுதியில்லை. பயத்தில் கேட்டவை நினைவில் இடம் மாறிவிடுகின்றன.

நாமக்கல்லில் மகளிர் குழுக் கூட்டத்தில், சொல்லிக்கொடுக்க வந்த சரிதா அந்த அடையாளச் செயலியை எங்களுக்கு விளக்கினாள். "உங்க சர்டிபிகேட்டு, அடையாளமெல்லாம் இனி உங்க போன்லயே இருக்குமுங்க. சாவி எந்தக் கம்பெனிக்காரன்கிட்டயும் இல்லீங்க. போன் தொலைஞ்சா மட்டும், நீங்க நம்பற மூணு பேர்ல ரெண்டு பேரு சரின்னா புதுப்போனுக்கு வந்துரும்."

"எங்கூட்டுக்காரரு எதுக்குத்தான் சரின்னாரு, இதுக்குச் சொல்ல?" என்றாள் பின்னாலிருந்த மாரக்காள்.

சிரித்துக்கொண்டே எல்லோரும் முதலில் புருசன் பெயரையும் அடுத்து மாமியார் பெயரையும் கொடுத்தோம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் வேறு யாரைச் சொல்வது? மூன்றாவதாக என் அண்ணன் மதியழகன். போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே இருந்தான்.

பிறகு ஒருநாள் புருசனின் அடி தாங்காமல் சேலம் வந்துவிட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அறை. என் நர்சிங் சான்றிதழின் அசலை அவர் அடுப்பில் போட்டிருந்தார். ஆஸ்பத்திரி வேலைக்குக் காட்ட அந்தச் செயலியில் இருந்ததுதான் மிச்சம்.

வேலைக்குக் கூப்பிட்டிருந்த வாரம் போனில் செய்தி வந்தது. உங்கள் அடையாளத்தைப் புதிய போனுக்கு மாற்றக் கோரிக்கை, ஒருவர் சம்மதித்துவிட்டார். உடனே சரிதாவைக் கூப்பிட்டேன்.

"உங்கூட்டுக்காரராத்தான் இருக்குமுங்கக்கா. இன்னொருத்தரும் சரின்னுட்டா உங்க போன்ல இருக்கறதெல்லாம் போயிரும்."

"அவரு பேரை எடுத்துட முடியாதா?"

"அதுக்கும் ரெண்டு பேரு சம்மதிக்கோணுமுங்க."

அவர் பெயரை எடுக்க நான் கொடுத்த கோரிக்கைக்கு அண்ணன் உடனே சம்மதித்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். நடுவில் மாமியார், என் அத்தை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் போன் மகனிடம்தான் இருக்கும். கட்டைவிரலை வைத்தால் திறக்கும். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் அடித்துப்போட்டது போலத் தூங்குவாள். அவர் அந்த விரலைத் தூக்கி வைத்தால் போதும். மத்தியானம் முழுவதும் சுவரோரம் உட்கார்ந்து, போனைக் கவிழ்த்துவைப்பதும் திருப்பிப் பார்ப்பதுமாக இருந்தேன்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"தனப்பிரியா, நாந்தேன். பக்கத்தூட்டுப் போன்ல பேசறேன். தோசைக்கல்லுல பெருவெரல வச்சுட்டேன். தோலு வழண்டு போச்சு."

"ஐயோ, எப்படிங்கத்தை?"



"வச்சுட்டேன் சாமி. அவன் அழுத்தி அழுத்திப் பாத்தான். போனு ஏத்துக்கல." பிறகு கேட்டாள், "சோறு தின்னியா?"

விரல் ஆறியதும் அத்தை சேலத்துக்குப் பஸ் ஏறி வந்தாள். போனை எப்படி எடுத்துவந்தாள் என்று சொல்லவில்லை. என் கோரிக்கைக்கு விரல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

எனக்கு அந்த வேலை கிடைத்தது. அண்ணன் ராஜஸ்தானில் இருக்கிறான். அவர் கோழிப்பண்ணையில் முட்டை லோடு ஏற்றுகிறார். அத்தை அதே வீட்டில்தான் இருக்கிறாள், அவரோடு தனியாக.