வலப்பக்க ட்வீட்டர்

கதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் முதற்கண் பொறுத்தருள வேண்டும். இலக்கணம் கற்றதுண்டு, கதை கட்டக் கற்றதில்லை. எழுத்தில் பிழை இருப்பின் அது எழுதியவரைச் சாரும். நடந்ததில் பிழை செய்தவர் ஜெயவேலு. ஆயினும் அவர் நல்லவர்.

தங்கவயலில் பிறந்த ஜெயவேலு, பெங்களூரின் ஹெப்பகோடித் தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். பொம்மனஹள்ளி வீட்டில், ஓய்வு நேரத்தில் பழைய ஸ்பீக்கர்களைப் பழுதுபார்ப்பார். அரசுச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தொம்மலூர் ஷங்கர் அப்படித்தான் பழக்கமானார். தொழிற்சாலையில் "ஏய் கரண்ட்டு" என்று அழைக்கப்பட்டவரை, அதிகாரியாய் இருந்த அம்மனிதர் "ஜெயவேலு சார்" என்றே அழைத்தார். ஞாயிறு மாலைகளில் அவரோடு சரிசமமாக நாற்காலியில் அமர்ந்து பாட்டுக் கேட்பதும், அவர் மனைவி கோமளம் அம்மாள் கையால் காப்பி அருந்துவதுமே ஜெயவேலு தம் வாழ்நாளில் ஈட்டிய பெரும் மரியாதை.

ஷங்கர் 1980இல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர் ஜோடி, 1999இல் மங்கத் தொடங்கியது. வயலின், கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்டது. மேல் ஸ்தாயியை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கழற்றிப் பார்த்ததும் காரணம் விளங்கிற்று. உள்ளிருக்கும் கம்பிச் சுருளின் சூட்டைத் தணிக்கக் காந்த இடுக்கில் விட்டிருந்த கறுப்புத் திரவம், அதாவது நுண்ணிய இரும்புத்துகள் கலந்த எண்ணெய், தார்போல இறுகிவிட்டிருந்தது. அமெரிக்காவிலிருந்த ஷங்கரின் மகன் அஷ்வத் புதுத் திரவம் அனுப்பினான். ட்வீட்டருக்கு ஒன்றாக இரண்டே சிறு குப்பிகள்.

இடப்பக்கத்தது நன்றாக முடிந்தது. ஒற்றுத்தாள் கீற்றுகளால் இடுக்கை வழித்தெடுத்து, சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு மூடினார். வலப்பக்கத்ததைத் துடைத்து முடித்து, குப்பியைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பிய கணத்தில், மேசைமேல் கிடந்த ஸ்க்ரூடிரைவரைக் காந்தம் வெடுக்கென்று இழுத்தது. அது இடித்துக் குப்பி உருண்டது. சிந்திய திரவம் மேசையிலிருந்த இரும்புத்தூளையும் வாரிக்கொண்டு, காந்தத்தின் புறத்தே பலாத்தோல்போல முள்முள்ளாய் நின்றது. ஒரு சொட்டுகூடப் பயன்படாது.

"இன்னாய்யா, மைக்கூட்டக் கவுத்துட்டியா?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி ரோஸி.

"மை இல்லடி. அமெரிக்காத் தண்ணி."

"போய்ச் சொல்லிடு. இன்னொண்ணு அனுப்புவாங்க."

தங்கவயலில் அவர் தொழில் பழகிய பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மாற்றுப் பாகம் வராது. பழுதென்று எழுதினால் இயந்திரம் நிற்கும், ஆட்களுக்கு ஷிப்ட் கூலி போகும். ஆகவே இல்லாத பாகம் இல்லாமலே ஓட்டுவார்கள். ஓடும்வரை யாரும் எழுதமாட்டார்கள். ஜெயவேலுவும் வலப்பக்கத்தை உலர்வாகவே மூடினார். மெதுவாகப் பாடினால் தாங்கும், நெடுநேரம் உரக்கப் பாடினால் சுருள் கருகும் என்று அவருக்குத் தெரியும்.

தொம்மலூரில் பூட்டிக் காட்டியபோது ஷங்கர் துள்ளினார்.

"லெஃப்ட்டும் நன்னாத்தான் இருக்கு. ஆனா ரைட் இருக்கே, ஜல்லுன்னு கேக்கறது! என்ன மாயம் பண்ணேள், சார்?"

"நான் கூப்பிட்டா மட்டும் இந்தக் காது கேக்காது" என்றார் கோமளம்.

உலர்ந்த ட்வீட்டர் சற்றுக் கூராகத்தான் ஒலிக்கும். அதைச் சொன்னால் ஏனென்றும் சொல்லவேண்டும். ஜெயவேலு காப்பியைக் குடித்தார்.

ஜூனில் ஷங்கருக்கு அறுபதாம் கல்யாணம், வீட்டிலேயே. எப்படியும் சொல்லிவிடுவதென்று முதல்நாளே போனார் ஜெயவேலு. கூடம் நிறைய உறவினர். ஷங்கர் அவர் தோளில் கைபோட்டு, "இவர்தான் நான் சொன்ன ஜெயவேலு சார். பெங்களூர்லயே இப்படி ஒரு கை கிடையாது" என்றார். எல்லோரும் கைகூப்பினார்கள். இவரும் கூப்பினார்.

மறுநாள் காலை நான்கு மணி நேரம், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அஷ்வத் நாதஸ்வர இசைத்தட்டுகளை முழுச் சத்தத்தில் வைத்தான். மாங்கல்யதாரணம் முடிந்தபின், வலப்பக்கத்திலிருந்து கருகல் வாடை வந்தது.

அடுத்த வாரம் ஷங்கர், ட்வீட்டரைத் துண்டில் பொதிந்துகொண்டு ஸ்கூட்டரில் பொம்மனஹள்ளிக்கே வந்துவிட்டார். ஜெயவேலு திறந்து பார்த்தார். சுருள் கரியாகியிருந்தது. அந்த ஜெர்மன் நிறுவனம் அவ்வகை ட்வீட்டரைச் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

"என் தப்பு சார்" என்றார் ஷங்கர். "அவ்ளோ பொறுமையா பண்ணிக் குடுத்தேள். ஒரே கார்த்தால கத்தவிட்டுப் பாழாக்கிட்டேன். மன்னிச்சுக்கணும்."

ஜெயவேலு வாய் திறந்தார்.

"பரவால்ல சார். ஆகறதுதான்."

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்தபின் ரோஸி சொன்னாள்: "அந்தப் பெரிய மனுசன் மன்னிப்புக் கேட்டாரு. நீயும் குடுத்துட்ட. இன்னா மனுசன்யா நீ?"

பத்து நாள் தூக்கமின்றிக் கழித்து, உண்மையைச் சொல்லத் தொம்மலூருக்குப் போனார். கூடத்தில் ஸ்பீக்கர் இருந்த இரு மூலைகளும் வெறுமையாயிருந்தன.

"பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டார்" என்றார் கோமளம். "சொன்னாக் கேக்கலை."

ஷங்கர் செய்தித்தாளை மடித்தார். "ஒரு நல்ல பொருளை வெச்சுக் காப்பாத்தற தகுதி எனக்கில்லை சார். பாட்டே வேண்டாம்னு விட்டுட்டேன். உக்காருங்கோ, காப்பி சாப்பிடலாம்."

இப்போது சொன்னால் எதுவும் திரும்பாது என்று ஜெயவேலு தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அது பொய் என்பதும் அவருக்குத் தெரியும். அம்மனிதரின் மனச்சுமையாவது இறங்கியிருக்கும். உட்கார்ந்து குடித்துவிட்டு எழுந்தார். மறுபடி அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

இழந்தவை: சுருள் ஒன்று. ஸ்பீக்கர் இரண்டு. ஷங்கருக்குப் பாட்டு. ஜெயவேலுவுக்கு ஒரு வீடு. சொல்லியிருக்கக்கூடிய தருணங்கள் நான்கு.