பெட்டிக்குள் இருந்த கரடி

1938ஆம் ஆண்டு ஆனித் திருவிழாவுக்கு மாத்தறைக் கடையிலிருந்து வந்திருந்த கணவனின் தகரப் பெட்டியை, அழுக்குச் சட்டை எடுக்கத்தான் அம்பிகை திறந்தாள். வேட்டிகளுக்கு அடியில் ஒரு கரடிப் பாவை கிடந்தது. மயிர் உதிர்ந்த பழம் பாவை. ஒரு காதை மட்டும் யாரோ சிவப்பு நூலால் புதிதாகத் தைத்திருந்தார்கள்.

கலியாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. நயினாதீவு ஆண்கள் தெற்கே சுருட்டுக்கடை வைப்பதும் வருடத்துக்கு ஒருமுறை ஊர் வருவதும் வழக்கம். சிலருக்கு அங்கே இன்னொரு குடும்பமும் இருந்தது.

"பாவை இருக்கெண்டால் பிள்ளை இருக்கும். காது தைச்சிருக்கெண்டால் தாயும் இருப்பாள்," என்றாள் பக்கத்து வளவுப் பரிமளம். "எடி அம்பிகை, வாயைத் திறவாதை. ஆளைப் பார்."

அம்பிகை பாவையைக் குசினியில் ஒரு வெறும் பானைக்குள் ஒளித்துவிட்டு, இரண்டு நாள் கணவனின் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். மூன்றாம் நாள் காலை, பயணத்துக்குப் பெட்டி அடுக்கிய கணவர் அரியநாயகம் வேட்டிகளை உதறினார். கட்டிலுக்குக் கீழே குனிந்தார். கிணற்றடி வரை போய் வந்தார். என்ன தேடுகிறார் என்று மட்டும் சொல்லவில்லை. ஊர்காவற்றுறை போகும் வள்ளக்காரன் படலையில் நின்று கூப்பிட்டான்.

"நீ போ. நான் நாளைக்கு வாறன்."

கடையை ஒரு நாள் பூட்டினாலே தலையிடி வருகிற மனுசன்! அம்பிகைக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிற்று. பாவையைக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினாள்.

"இதைத்தானே தேடுறியள்? பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"எந்தப் பிள்ளை?"

"இதுக்குச் சொந்தக்காரப் பிள்ளை."

அவர் நிலத்தைப் பார்த்தார். "முப்பத்தி நாலு."

"பகிடி வேண்டாம்."

"பகிடி இல்லையப்பா. எட்டு வயசில வீட்டுக்காரர் என்னைக் கடையில வேலைக்குக் கொண்டுபோய் விட்டவை. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இதைக் கடை வாசல்ல விட்டிட்டுப் போச்சுது. திரும்பி வரேல்லை. அந்த நாளில இருந்து என்னோடதான். இது பக்கத்தில இல்லாட்டில் எனக்கு அங்க நித்திரை வராது."

"காது ஆர் தைச்சது?"

"நான்தான்."

அம்பிகை ஊசி, நூல், கந்தல் துணி எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். "தைச்சுக் காட்டுங்கோ."

தைத்தார். சின்னச் சின்னத் தையல், எல்லாம் ஒரே அளவு. அவளே அப்படித் தைக்கமாட்டாள். அதுதான் அவளைத் திரும்பவும் குழப்பியது.

"இவ்வளவு வடிவாத் தைக்க ஆர் பழக்கினது?"

"சட்டைப் பொத்தான் அறுந்தால் அங்க ஆரிட்டைக் குடுக்கிறது?"

"இஞ்ச மட்டும் பெட்டிக்குள்ள கிடந்ததே. எப்பிடி நித்திரை வந்தது?"

"இஞ்ச நீர் இருக்கிறீர்."

சொல்லிவிட்டு வெட்கத்தில் முகட்டைப் பார்த்தார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இப்படியெல்லாம் பேசத் தெரிந்தவர் ஆறு வருடம் ஏன் பேசாமல் இருந்தார்?

"நானும் மாத்தறைக்கு வாறன்," என்றாள்.

"அங்க எங்கட பொம்பிளையள் ஆரும் வந்து இருக்கிறேல்லை..."

"கடைக்குப் பின்னால அறை இருக்குத்தானே? இல்லாட்டி, அதில வேற ஆரும் இருக்கினமோ?"

அவர் முகம் கறுக்கிறதா என்று இமைக்காமல் பார்த்தாள். கறுக்கவில்லை. வாயைப் பிளந்தபடி நின்றவர், அசட்டுச் சிரிப்பொன்று சிரித்தார்.

"நாளைக்கு ரெண்டு பேர் எண்டு வள்ளக்காரனுக்குச் சொல்லிப்போட்டு வாறன்," என்று சால்வையையும் மறந்து ஓடினார்.

அந்தச் சிரிப்பையும் அம்பிகை முழுதாக நம்பிவிடவில்லை. தன் சேலைகளைத் தகரப் பெட்டியில் அடுக்கினாள். கரடியை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை. அந்த அறையைக் கண்ணால் பார்க்கும்வரை அது அவள் கையில்தான் இருக்கும்.